அம்மா போன பிறகு அண்ணனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

கேள்வி:

எனக்கு 46 வயது. திண்டுக்கல் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். கூடப் பிறந்தது ஒரே அண்ணன். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கரை விற்று அண்ணனின் லாரிக் கடனை அடைத்தார். ‘எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா’ என்று கேட்டேன். ‘உனக்கு 40 பவுன் போட்டப்ப என்னையக் கேட்டா போட்டாங்க’ என்றார் அண்ணன். பேச்சு தடித்து, என் கணவரை வாசலில் நிற்க வைத்து மரியாதை இல்லாமல் பேசிவிட்டார். அந்த வருடமே என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். தாய்மாமன் வரவில்லை. பெரியம்மா மகன்தான் மாமன் தட்டு தூக்கினார். அடுத்த வருடம், அம்மா பெயரில் உள்ள வீட்டின் மேல் அண்ணன் மாடி கட்டிப் புகுந்தார். அந்தப் பத்திரிகையை நான் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். இனி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றும் சொல்லி விட்டேன்.

அப்பா போன பிறகு அம்மா அண்ணனிடம்தான் இருந்தார்கள். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் வருவேன். கடைசி இரண்டு வருடம் படுக்கை. வைகாசியில் போய்விட்டார்கள். மயானத்திலிருந்து வந்தபோது அண்ணன் என்னிடம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியத்திலும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. போன வாரம் பெரியம்மா மகன் மூலம் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் வந்திருக்கிறது. முதலில் பங்கு, பிறகு உறவு என்கிறார் கணவர். சின்னவள் நீதான் போகணும் என்கிறார் மாமா. எனக்கு அண்ணன் வேண்டும். ஏமாறவும் கூடாது. நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் காகிதத்தை எடுத்து அதன் தலைப்பைப் படியுங்கள். என்ன காகிதம் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா தவறி இரண்டு மாதத்தில் வந்திருப்பதால், வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவின் வங்கிக் கணக்கை முடிக்க, பட்டாவில் பெயர் மாற்ற எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, தாசில்தார் கொடுக்கும் சான்று அது. வாரிசுகள் அத்தனை பேரின் விவரமும் அதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறது என்றால், அண்ணன் உங்களை விட்டுவிடாமல் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். தங்கை பெயரையே சொல்லாமல் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்கிற அண்ணன்களும் உண்டு. இதில் கையெழுத்துப் போடுவதால் உங்கள் பங்கு போய்விடாது. அம்மாவுக்கு இன்னார் இன்னார் வாரிசு என்பதற்கு மேல் அந்தச் சான்று எதையும் சொல்வதில்லை. உங்கள் பெயரும் உறவும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திடும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆதார் நகலோடு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அங்கே ‘இழுத்தடிக்கிறா’ என்றுதான் பேச்சாகும்.

தலைப்பு ‘விடுதலைப் பத்திரம்’ (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது) என்றோ ‘பொது அதிகாரப் பத்திரம்’ (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது) என்றோ இருந்தாலும், எதுவும் எழுதாத முத்திரைத்தாளாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள், கோபமாகச் சொல்லியும் அனுப்பாதீர்கள். ‘பார்த்தேன், அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்’ என்று பெரியம்மா மகனிடம் சொன்னால் போதும். விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் நீங்களாகத் தனியே அதை ரத்து செய்ய முடியாது. ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கும் விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. ‘சொத்து வேண்டாம், அண்ணன் போதும்’ என்று துக்கத்தோடு துக்கமாக எழுதிக் கொடுத்துவிடுகிற தங்கைகள் நிறைய. எழுதிக் கொடுத்த கையோடு அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பார்கள். அவர் வழக்கம்போல இருப்பார். ஒரு வருடம் கழித்து அந்தப் பத்திரமே இரண்டாவது சண்டைக்குக் காரணமாகிவிடும். கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், ஆனால் வருஷத் திதி முடிந்த பிறகு. பாசத்துக்கு விலையாக அதை வைக்காதீர்கள்.

ஒன்பது வருடம் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா வழியாகப் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் ‘அண்ணன் உன்னக் கேட்டான்டி’ என்று சொல்லியிருப்பார்கள். அவரிடம் போய் ‘தங்கச்சி உன் லாரி எப்படி ஓடுதுன்னு விசாரிச்சா’ என்றிருப்பார்கள். இரண்டு பேருமே அப்படிக் கேட்காமலும் இருந்திருக்கலாம். கேட்காததைச் சொல்லி, கேட்ட கடுஞ்சொல்லை விழுங்கி, இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பது வீட்டில் இருக்கும் அம்மாக்களின் வேலை. இனி அந்த வடிகட்டி கிடையாது. நீங்கள் சொல்வது அப்படியே அவர் காதில் விழும், அவர் சொல்வதும் அப்படியே உங்கள் காதில் விழும். துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் மூன்றே மாதத்தில் முன்னைவிட மோசமாகப் பிரிவதை ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். ஒன்பது வருடக் கணக்கையும் ஒரே உட்காரலில் தீர்க்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அதனால் சின்னச் சின்னதாகப் பேசுங்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. படுக்கையில் இருக்கும் அம்மா, மகளிடம் மகனைப் பற்றிக் குறை சொல்வார், மகனிடம் மகளைப் பற்றி. ‘அவ வந்தே பாக்க மாட்டேங்கிறா’, ‘இவ நேரத்துக்குச் சோறு போட மாட்டேங்கிறா’. அன்றைய வலிக்கு அன்று சொன்ன பேச்சு அது. ‘அம்மா என்கிட்ட அப்படிச் சொன்னாங்களே’ என்று நீங்கள் எடுத்தால், ‘என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களே’ என்று அவர் எடுப்பார். வருஷத் திதி வரை அம்மா சொன்ன எதையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இனி முதல் போன். நேரில் போவதற்கு முன் போனில் பேசுவது நல்லது. முகம் தெரியாது, பாதியில் முடித்துக்கொள்ளவும் முடியும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டாம். அழுகையோடு நீங்கள் அனுப்புவது சொந்தக்காரர்கள் எல்லோர் போனையும் சுற்றி வரும். குறுஞ்செய்தியும் வேண்டாம். நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லை என்று மூன்று நாள் மருகிக்கொண்டிருப்பீர்கள். காலை பத்து, பதினொரு மணி, இல்லையென்றால் சாயங்காலம் டீ நேரம். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். அலுப்பு ஒரு காரணம், சில வீடுகளில் வேறு காரணமும் இருக்கும். கூப்பிடப் போவதைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் ஸ்பீக்கரில் போட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருப்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

என்ன பேசுவது? தொடங்குவதற்கு அவரே ஒரு நூல் விட்டிருக்கிறார். சாப்பிட்டியா என்று கேட்டாரே, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதிலிருந்தே ஆரம்பியுங்கள்:

“அண்ணே, நான்தான். அவசரம் ஒண்ணும் இல்ல. அன்னைக்குச் சாப்பிட்டியான்னு கேட்ட. நான் பதிலே சொல்லல. அது மனசுலயே கெடக்கு, அதான் கூப்பிட்டேன்.”

இதற்கு மேல் தயார் செய்துகொள்ள வேண்டாம். சின்ன வயதில் ‘நீ, வா, போ’ என்று பேசியிருந்தால் இப்போதும் அப்படியே பேசுங்கள். ஒன்பது வருடம் கழித்துத் திடீரென்று ‘நீங்க’ போட்டால் அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார், தள்ளி நிறுத்துவதாகத்தான் எடுத்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் ‘ம்’ என்று வரலாம். எதுவும் வராமலும் இருக்கலாம். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பத்து எண்ணும் வரை பொறுங்கள். பிறகு, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ‘கடைசி வாரத்துல அம்மா என்ன சாப்பிட்டாங்கண்ணே?’ என்பது மாதிரி. அம்மாவின் கடைசி நாட்கள் அவரிடம் இருக்கின்றன, உங்களிடம் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று அவரும் காத்திருப்பார். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாதீர்கள். ‘எனக்கு ஏன் சொல்லி அனுப்பல’ என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பேச்சு நன்றாகப் போனால்கூட ஐந்து நிமிடம்தான். ‘சரிண்ணே, வேலையப் பாரு. வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன்’ என்று நாளைச் சொல்லி வையுங்கள். சொன்ன வெள்ளிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள். முறிந்த உறவில் மனம் முதலில் சோதிப்பது, சொன்னதைச் செய்கிறார்களா என்பதைத்தான். அவர் நடுவில் ‘கையெழுத்து என்னாச்சு?’ என்று கேட்டால் பதறாதீர்கள். வாரிசுச் சான்று என்றால் ‘போட்டு அனுப்பிட்டேன்.’ வேறு பத்திரம் என்றால் ‘அதுக்குன்னு ஒரு நாள் உக்காருவோம்ணே, இன்னைக்கு வேண்டாம்.’ சத்தம் போட்டார் என்றால் ‘அப்புறம் பேசுறேன்ணே’ என்று வைத்துவிடுங்கள். அதற்கும் வெள்ளிக்கிழமை பொருந்தும்.

இரண்டாவது, மூன்றாவது பேச்சில் ஒரு காரியம் செய்தாக வேண்டும். உங்கள் மதினிக்கு நன்றி சொல்ல வேண்டும். சண்டை எல்லாம் அவர்களால்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் படுக்கையில் கிடந்த ஒருவரை இரண்டு வருடம் பார்ப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். பகலிலும் ராத்திரியிலும் துணி மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், கரைத்ததைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். நம் வீடுகளில் இதை மகன் செய்வது அரிது, மருமகள்தான் செய்வார். பார்த்துக்கொண்டவருக்கு ‘எல்லாம் என் தலைல விழுந்துச்சு’ என்ற ஆற்றாமை இருக்கும். தூரத்தில் இருந்தவருக்கு ‘என்னைக் கிட்ட விடல’ என்ற ஆற்றாமை இருக்கும். பெற்றவர் இறந்த பிறகு வருகிற சண்டையில் பெரும்பகுதி இந்த இரண்டும் மோதுவதுதான். சொத்து அதன் மேல் போர்த்திய துணி. ‘மதினி, நான் செஞ்சிருக்க வேண்டியதை நீங்க செஞ்சீங்க’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்துச் சூட்டில் பாதி அடங்கும்.

அம்மாவின் காரியச் செலவில் பாதி தருகிறேன் என்று இப்போது சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்வீர்கள், ‘எங்கம்மாவுக்கு நான் செஞ்சதுக்குக் கணக்குக் கேக்குறியா’ என்று போய் நிற்கும். வருஷத் திதி வரப்போகிறது. ‘அதுல என் பங்கும் இருக்கட்டும்ணே’ என்று அதற்குச் சொல்லுங்கள். நகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், அம்மா கட்டிய சேலை ஒன்று கேளுங்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள் என்றால் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, சுருக்குப்பை, என்ன மிச்சம் இருக்கிறதோ அது.

சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கை நடுங்கி எழுதிய இடம் அது என்று தெரிகிறது. நிலம் போனதைவிட மாமன் தட்டை வேறு ஆள் தூக்கியதுதான் உங்களை அறுத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் மூடி வைத்தால் உறவு மேலோட்டமாகவே நிற்கும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாலைந்து முறை பேசிப் பழகிய பிறகு. சொல்லும்போது ‘ஏன் வரல?’ என்று கேட்டால் அவர் தன் பக்கத்து நியாயத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவார். கேள்வியாக்காமல் சொல்லிப் பாருங்கள்: ‘அன்னைக்கு மாமன் தட்டை வேற ஆள் தூக்கிட்டு வந்தது இன்னும் வலிக்குதுண்ணே.’ அவ்வளவுதான். பதிலுக்கு அவர் ‘நேர்ல வந்து பாக்கு வச்சா அழைச்சீங்க?’ என்று கேட்கவும் கூடும். அழைப்பு எப்படிப் போனது, யார் கொண்டுபோனார்கள் என்று இப்போதே நினைத்துப் பார்த்து வையுங்கள். தபாலில் போயிருந்தாலோ மூன்றாவது ஆள் கையில் போயிருந்தாலோ, அவர் பக்கத்திலும் ஒரு காயம் இருக்கிறது.

பத்திரிகையைத் திருப்பி அனுப்பியது நீங்கள் செய்தது. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ‘பத்திரிகையப் பிரிக்காமத் திருப்பி அனுப்புனது தப்புண்ணே.’ இதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீ மட்டும்…’ என்று தொடர்ந்தீர்களானால் கேட்ட மன்னிப்பு செல்லாது. அவர் பதிலுக்கு மன்னிப்புக் கேட்பாரா? ஊர்ப்பக்கத்து அண்ணன்கள் வாயால் கேட்பது குறைவு. ஒரு நாள் உங்கள் மகளுக்கு எதையாவது வாங்கிக் கொடுத்தனுப்புவார். அதை அந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளும் அண்ணன் பிள்ளைகளும் இன்ஸ்டாகிராமில் எப்போதோ பழகியிருப்பார்கள் என்று பந்தயம் கட்டலாம். அதைத் தடுக்க வேண்டாம். அவர்கள் மூலம் வேவு பார்க்கவும் வேண்டாம்.

கணவர் ‘முதலில் பங்கு’ என்று சொல்வதைப் பேராசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நிற்க வைத்துப் பேசப்பட்டவர் அவர். மாப்பிள்ளை மரியாதை என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுப் பங்கு என்று சொல்கிறார். அந்தக் காயத்தை அண்ணன்தான் ஆற்ற வேண்டும், அதை நீங்கள் இடையில் நின்று தீர்க்க முடியாது. முதல் சந்திப்புக்கு அவரை வற்புறுத்தி இழுத்துப் போகாதீர்கள். ‘நான் மட்டும் போயிட்டு வர்றேன், கையெழுத்து எதுவும் போட மாட்டேன்’ என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த உறுதிதான்.

மாமா சொல்கிற ‘சின்னவள்தான் போகணும்’ நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அவரையோ பெரியம்மா மகனையோ தூது விடாதீர்கள். நடுவில் நிற்பவர் நாளையும் இடத்தையும் சொல்லட்டும், வார்த்தையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வொரு வாயிலும் ஒரு சிட்டிகை உப்புக் கூடும்.

சொத்துக்கு என்று தனியாக ஒரு நாள் வையுங்கள், அம்மாவின் திதி நாளில் வேண்டாம். அவசரமும் இல்லை. அண்ணன் அந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே கருதப்படும். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகிறதா என்ற பயம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டு மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா உயில் ஏதும் எழுதினார்களா என்று அந்த நாளில் நேராகவே கேளுங்கள். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அம்மாவும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள்கூட உயில்தான்.

உயில் இல்லையென்றால் கணக்கு எளிது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, தாயின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் உயிரோடு இருக்கும் கணவனுக்கும் சமம். அப்பா இல்லை, ஆக இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. 40 பவுன் போட்டது இதில் கழியாது. அதேபோல, அப்பா உயிரோடு இருக்கும்போது தன் சம்பாத்திய நிலத்தை விற்றது அவர் உரிமை, அதைக் கேட்டு இப்போது வழக்குக் கிடையாது. நிலம், பவுன் இரண்டுமே சட்டத்தில் முடிந்துபோன கணக்குகள். மனதில்தான் நிற்கின்றன. பேச்சில் அவை வந்தால் வரட்டும், காகிதத்தில் ஏற்றாதீர்கள்.

மாடிதான் சிக்கல். அண்ணன் தன் காசில் கட்டியது. முழு வீட்டிலும் பாதி என்று நீங்கள் நின்றால் அவர் கொதிப்பார், அதில் நியாயமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டுப் பொறியாளர் ஒருவரை அழைத்து மனை, கீழ்த்தளம், மாடி மூன்றுக்கும் தனித்தனியே மதிப்புப் போடச் சொல்லுங்கள். அவர் கூலியை இருவரும் பாதிப் பாதி கொடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் அவர் பக்க ஆள் என்று பேர் வந்துவிடும். ஓர் உதாரணத்துக்கு, மனையும் கீழ்த்தளமும் 24 லட்சம், மாடி 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 33 லட்சத்தில் பாதி இல்லை, 24 லட்சத்தில் பாதி: 12 லட்சம். மதினி பார்த்துக்கொண்டதற்காக இதில் ஏதாவது விட்டுக்கொடுக்க நினைத்தால் நீங்களே முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். சட்டம் அதற்குத் தனிப் பங்கு எதுவும் தருவதில்லை. அவர்கள் கேட்ட பிறகு கொடுத்தால் பேரம் பேசி வாங்கியதாகத்தான் நிற்கும்.

அண்ணன் ஒரே தவணையில் தர முடியாமல் இருக்கலாம். இரண்டு மூன்று தவணை போடுங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும், கடைசித் தவணை வரும் நாளில் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பத்திரத்தில் வாங்கிய தொகையை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய அளவு இது, பாகப்பிரிவினை என்றால் ஒவ்வொரு பங்குக்கும் இந்தக் கணக்கு. பத்திரம் எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முன்னால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது மட்டும் போதாது. பதிவு செய்யாத பாகப்பிரிவினையைக் கொண்டு நாளை வங்கியில் கடன்கூட வாங்க முடியாது.

வங்கிக் கணக்கில் அண்ணன் நாமினியாக இருந்தால், பணம் அவர் கைக்கு வரும், ஆனால் வாரிசுகள் சார்பாகத்தான் அவர் வாங்குகிறார். நாமினி என்பதாலேயே முழுப் பணமும் அவருடையது ஆகிவிடாது. அம்மா இறந்த பிறகு ஏடிஎம்மில் பணம் எடுத்திருப்பது பாஸ்புக்கில் தெரிந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள், காரியச் செலவுக்கு எடுத்திருப்பார். இனிமேல் எடுக்க வேண்டாம், முறைப்படி முடித்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள்.

நகையைப் பிரிக்கும்போது எல்லாவற்றையும் ஒரு துண்டின் மேல் பரப்பிப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் நிறுத்து எழுதுங்கள். பிறகு ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி எடுங்கள். எடை வித்தியாசத்தை அன்றைய விலைக்குப் பணமாகச் சரிசெய்யுங்கள். யாரும் பார்க்கும் முன் உருக்கிவிட்டால்தான் தகராறு. அம்மாவின் தோட்டின் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால், பரப்புவதற்கு முன்பே ‘எனக்கு அது மட்டும் வேணும்’ என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சு முறிந்தாலும் நேராக நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே இருவரையும் அழைத்துப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். அங்கே ஆகும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

போனையே எடுக்கவில்லை என்றால்? ஒரே நாளில் ஐந்து முறை அடிக்காதீர்கள். முதல் முறை எடுக்காவிட்டால் மூன்று வாரம் விடுங்கள். அடுத்தது ஆடி அமாவாசையை ஒட்டி. அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம், கையால் எழுதி, தபாலில். பத்து வரிக்கு மேல் போக வேண்டாம், அதில் நிலம், நகை, பவுன் எதுவும் வரக் கூடாது. ‘நான் எப்பவும் பேசத் தயார்’ என்று முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வருஷத் திதிக்குப் போய் நில்லுங்கள். அதற்கு மேல் துரத்தினால் அவர் இன்னும் ஒதுங்குவார். பழைய மாதிரி எல்லாம் வராமலும் போகலாம். நல்லது கெட்டதுக்கு வந்து போய், முறை செய்து, உடம்புக்கு முடியவில்லை என்றால் போன் போடும் அளவில் நின்றாலும் அது உறவுதான். ஒன்பது வருடத்துக்கு அது குறைந்த பலன் இல்லை.

இதற்கிடையில் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையில் இருந்த காலத்தில் அம்மாவைப் பறிகொடுத்தவர்களுக்குக் குற்ற உணர்ச்சி கூடுதலாக இருக்கும். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கடைசியாக, முதல் முறை வீட்டுக்குப் போவது. அவரோ மதினியோ ‘வந்துட்டுப் போ’ என்று சொன்ன பிறகு போங்கள். காரில் நாலு பேரோடு போய் இறங்காமல் பஸ்ஸில் தனியாகப் போங்கள். துக்க வருடம் என்பதால் இனிப்பு வேண்டாம், பழமும் அம்மா படத்துக்கு ஒரு முழம் பூவும் போதும். மாடியைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் ஏறிப் பாருங்கள், பிரிக்காமல் அனுப்பிய பத்திரிகை அந்த மாடிக்குத்தான். வீட்டை அளப்பது போலக் கண்ணை ஓட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். கை நனைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியது அந்த வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும், இலை போடுகிற நேரத்தில் யாரும் உங்களை வற்புறுத்தத் துணிய மாட்டார்கள். ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு தடவையிலேயே எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு உட்காருங்கள்.